பசி இல்லாத வாய்

சென்னை அண்ணாநகரில் ஒரு மாலின் இரண்டாம் அடித்தளத்தில், தூண்களுக்கு நடுவே இரண்டு மின்சார சார்ஜர்கள் உண்டு. போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வண்டியை எந்தத் தூணருகே விட்டேன் என்று மறந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் முகத்துக்கு நேரே காவலாளி ஒருவர் குனிந்து நின்று, முன்பக்கத்துப் பெரிய கிரில்லை விரல் மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார். சந்தையில் பலாப்பழம் தட்டிப் பார்ப்பவரின் கவனம் அவர் முகத்தில் இருந்தது.

"அடைச்சு வெச்சிருக்காங்களே, காத்து எப்படிங்க போகும்?" என்றார் என்னிடம், வண்டி என்னுடையது என்று நினைத்து.

சொந்தக்காரர் கையில் காபியோடு வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "காத்தே வேணாம்ணா. உள்ள இன்ஜின் இல்லையே."

"அப்புறம் இவ்வளவு பெரிய வாய் எதுக்குங்க தம்பி?"

தம்பி சிரித்தார். பதில் சொல்லவில்லை.

காவலாளி 22 வருடம் லாரி ஓட்டியவர். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் இறக்கியவர். ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால் பர்லியாரில் ஓரங்கட்டி, ஆறும்வரை பீடி பிடித்துக் காத்திருந்தவர். கிரில் என்பது ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் சில ஆண்டுகளாக உலகெங்கும் கார்ப் பிரியர்கள் கேட்கிறார்கள். இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஐஎக்ஸ் 2020 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தபோது அந்தக் கிரில்லை முயல்பல் என்றும் பீவர் பல் என்றும் கிண்டல் செய்தார்கள். கம்பெனி சமூக ஊடகத்தில் பதிலுக்கு 'ஓகே பூமர்' என்று போட்டது. நம் பிள்ளைகள் 'பூமர் அங்கிள்' என்கிறார்களே, அதே பூமர். பணம் சேர்த்து வைத்துக் கார் வாங்கும் தலைமுறையையே பூமர் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு ஏன் அவ்வளவு பெரிய வாய் வேண்டியிருந்தது? அது எரிக்கும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பாதி புகையோடு போகும், மறு பாதியை ரேடியேட்டர்தான் வெளியே தள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் சக்கரத்துக்கு 20 கிலோவாட் தேவை என்றால், ஏறக்குறைய அதே அளவு சூட்டை மூக்கு வழியாகக் கழித்தாக வேண்டும். மின்மோட்டாரில் இந்தக் கணக்கு தலைகீழ். பத்தில் ஒன்பது பங்கு சக்கரத்துக்குப் போகிறது. 20 கிலோவாட் வேலைக்கு இரண்டு, இரண்டரை கிலோவாட் சூடு. அதற்கு ஒரு கையகல ஓட்டை போதும்.

ஆகவே ஐஎக்ஸின் கிரில் வாயே அல்ல. உள்ளே கேமராவும் ரேடாரும் உணர்விகளும் இருக்கின்றன. மேலே ஒரு பாலியூரித்தேன் பூச்சு. சிறு கீறல் விழுந்தால் சூட்டில் தானே ஆறிக்கொள்ளும். பானெட்டையும் சொந்தக்காரர் திறக்க முடியாது, சர்வீஸ்காரர்தான் திறக்கலாம். கண்ணாடி கழுவும் தண்ணீரை மூக்கு நுனியில் உள்ள பிஎம்டபிள்யூ முத்திரையைத் தூக்கி அதன் வழியே ஊற்ற வேண்டும். இதைச் சொன்னதும் காவலாளி அந்த முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆனால் மின்சார வண்டிக்குப் பசியே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. பசி வேறு நேரத்தில் வருகிறது. 2025 செப்டம்பரில் மியூனிக்கில் காட்டிய புதிய ஐஎக்ஸ்3, 400 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் வாங்கும். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 16 கிலோவாட். பதினாறு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் பற்றவைத்த சூடு, அதுவும் வண்டி அசையாமல் நிற்கும்போது. ஓடும்போது தானாக வரும் காற்று அப்போது வராது. மின்விசிறிதான் இழுக்க வேண்டும். அதனால்தான் இந்த வண்டிகளின் உண்மையான வாய் பம்பருக்குக் கீழே, தேவைக்குத் திறந்து மூடும் சட்டங்களோடு ஒளிந்திருக்கிறது. மேலே இருப்பது முகமூடி.

அந்த முகமூடியை என்ன செய்வது என்பதில் இரண்டு ஜெர்மன் கம்பெனிகளும் எதிரெதிர்த் திசையில் போய்த் திரும்பியிருக்கின்றன. பிஎம்டபிள்யூ பெரிதாக வைத்துப் பார்த்துவிட்டு, ஐஎக்ஸ்3இல் 1960களின் தன் பழைய கார்களைப் போல ஒடுங்கிய, நெட்டுக்குத்தான சிறுநீரக வடிவத்துக்கு வந்துவிட்டது. மெர்சிடிஸ் முதலில் காற்று சொன்னதைக் கேட்டது. ஈக்யூஎஸ் வரிசையை முட்டை போல வழவழவென்று செய்தது. காற்றுக்குப் பிடித்தது, கோடிகளைக் கொடுப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. பணக்காரத்தனம் தெரியவில்லை என்றார்கள். இப்போது 2025இன் மின்சார ஜிஎல்சியில் 942 ஒளிப்புள்ளிகள் மின்னும் ஒரு பெரிய கிரில்லை வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஆடிமாதத் திருவிழா சீரியல் லைட் ஞாபகம்தான் வருகிறது. ஆனால் திருவிழா விளக்கைக் குறை சொல்கிறவன் யார்? பார்க்கத்தானே வைக்கிறார்கள்.

ஏன் எல்லோரும் எஸ்யூவியாகவே செய்கிறார்கள் என்பதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. பேட்டரி ஒரு மெத்தை மாதிரி தரைக்கடியில் கிடக்கிறது. பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் கனம். செடானில் அதைச் சொருகினால் ஒன்று கூரையை உயர்த்த வேண்டும், இல்லை உட்காருபவர் முழங்காலை மார்புக்கு அருகே தூக்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உயரமான எஸ்யூவியில் அந்த மெத்தை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். 2018இல் ஜாகுவார் ஐ-பேஸ், ஆடி ஈ-ட்ரான், மெர்சிடிஸ் ஈக்யூசி மூன்றும் ஒரே வருடத்தில் எஸ்யூவியாக வந்து நின்றது தற்செயல் அல்ல. அவற்றில் ஐ-பேஸ் ஒன்றுதான், இன்ஜின் இல்லை என்ற விடுதலையை முழுதாக அனுபவித்தது என்பது என் கருத்து. அதன் வடிவமைப்பாளர் இயன் கேலம் மூக்கைச் சுருக்கி, ஆள் உட்காரும் கூடத்தை முன்னால் தள்ளினார். மற்ற இருவரும் இல்லாத இன்ஜினுக்கு நீளமாக அறை கட்டிவைத்தார்கள்.

காற்று விஷயத்துக்கு வருவோம். விளம்பரத்தில் எழுத்துத் தடித்துப் போடும் எண் ஒன்று உண்டு: இழுவைக் கெழு. உருண்டைக்கு அது ஏறக்குறைய 0.47. ஐஎக்ஸுக்கு 0.25, ஐஎக்ஸ்3க்கும் அமெரிக்காவின் லூசிட் கிராவிட்டிக்கும் 0.24, மெர்சிடிஸின் மின்சார ஜி-கிளாஸுக்கு 0.44. ஜி-கிளாஸ் காற்றில் போகும்போது ஒரு பெரிய பந்தை விடக் கொஞ்சம்தான் மேல். ஆனால் இந்த எண் பாதிக் கதை. காற்று எவ்வளவு பிடித்து இழுக்கும் என்பதற்கு இதை வண்டியின் நெற்றிப் பரப்பால் பெருக்க வேண்டும். அந்தச் சதுர மீட்டரை விளம்பரத்தில் போடமாட்டார்கள். அதே 0.25 உள்ள தாழ்ந்த செடானை விட எஸ்யூவி கால் பங்கு அதிகமாகவே காற்றைத் தள்ள வேண்டியிருக்கும்.

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெற்றிப் பரப்பு 3 சதுர மீட்டர் என்று இரண்டு வண்டிகளுக்கும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. தூரம் போக, 0.25 கெழு உள்ள வண்டி காற்றுக்குக் கொடுப்பது 9 யூனிட். இங்கே யூனிட் என்றால் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். 0.44 உள்ள வண்டி 16 யூனிட் கொடுக்கும். வேகத்தை 120க்கு ஏற்றினால் இவை 13, 23 என்று எகிறும். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, காற்றின் கூலி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 0.44க்காரர் 116 யூனிட் பேட்டரியைச் சுமக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரான மூக்கு இருந்தால் காற்று எளிதில் வழிவிடும் என்று நினைக்கிறோம். மூக்கு அவ்வளவு முக்கியமில்லை, பின்பக்கம்தான் எல்லாம். வண்டி கடந்துபோன இடத்தை மூட முடியாமல் காற்று பின்னால் சுழன்று திணறுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. மீன்களில் பெரும்பாலானவை தலைப்பக்கம் பருத்து வாலுக்குப் போகப்போக மெலிவது இதனால்தான். அவ்வளவு நீள வாலோடு கார் செய்தால் பார்க்கிங்கில் நுழையாது. 1930களில் ஜெர்மனியின் வூனிபால்ட் கம், வாலை முழுதாக இழுக்காமல் சரியான இடத்தில் வெட்டிவிட்டாலும் காற்று பெரும்பாலும் ஏமாந்துவிடும் என்று காட்டினார். இன்றைய எஸ்யூவிகளின் கூரை பின்னால் மெல்லச் சரிந்து, திடீரென்று கத்தியால் அறுத்தது போல் முடிவது அவருடைய புண்ணியம். விலை: மூன்றாம் வரிசையில் உட்காருபவரின் தலை. கூரை சரியும் அளவுக்கு அவர் குனிய வேண்டும்.

அடிப்பக்கம் இன்ஜின் கார்களில் குழாயும் கம்பியுமாகக் கரடுமுரடாக இருக்கும். மின்சார வண்டியின் பேட்டரிப் பலகை அதை வழவழப்பாக்கிவிடுகிறது. பணம் செலவில்லாமல் கிடைத்த லாபம் அது. பிறகு அந்த லாபத்தில் ஒரு பகுதியை 23 அங்குலச் சக்கரத்தில் கோட்டைவிடுகிறார்கள். சக்கரங்கள் சுழலும்போது காற்றைக் கடைவதால், மொத்த இழுவையில் ஏறக்குறைய கால் பங்கு அவற்றைச் சேர்ந்தது. ஆடி ஈ-ட்ரானில் பக்கக் கண்ணாடிக்குப் பதில் சின்னக் கேமரா வைத்தார்கள், கெழு 0.28இலிருந்து 0.27 ஆனது. ஓட்டுபவர் கதவுக்குள் இருக்கும் திரையைத் தேடிக் குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. கதவோடு கதவாக உள்ளே பதுங்கும் கைப்பிடிகளின் கதையும் இதுதான். மிச்சமாவது சொற்பம். விபத்தில் மின்சாரம் போனால் வெளியிலிருந்து திறக்க முடியாத ஆபத்து அதைவிடப் பெரிது. சீன அரசு 2025இல் அவற்றுக்குக் கடிவாளம் போடும் வரைவு விதிகளை வெளியிட்டது. நான் வரவேற்கிறேன். கதவைத் திறக்க ஒரு கைப்பிடி இருப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

செயல்திறன் என்றதும் எல்லோரும் எடுத்துவிடும் எண் வேறு. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகம் எத்தனை விநாடியில்? ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50க்கு 4.6 விநாடி. 2025 நவம்பரில் வந்த போர்ஷே கயென் எலக்ட்ரிக் டர்போவுக்கு 2.5 விநாடி. இதை நம் வழியில் சொன்னால், மரத்திலிருந்து விழும் தேங்காய் 100 கி.மீ. வேகத்தைத் தொட, காற்றுத் தடையை விட்டுவிட்டால், 2.8 விநாடி ஆகும். சுமார் 40 மீட்டர் உயரமும் வேண்டும். அவ்வளவு உயரத் தென்னை எங்கள் ஊரில் இல்லை. இரண்டரை டன்னுக்கு மேல் கனக்கும் ஒரு வீட்டுக்கூடம், விழும் தேங்காயைத் தரையிலேயே முந்துகிறது. ரப்பர் டயர் தார்ச்சாலையைத் தன் மேல் அழுந்தும் எடையை விட அதிக விசையோடு பற்ற முடியும் என்பதால்தான் இது நடக்கிறது.

பிரமிப்புதான். ஆனால் மின்மோட்டாருக்கு இது மிக எளிய வித்தை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்ஜின் குறைந்தது நிமிடத்துக்கு 800 சுற்றிலாவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், முழுப் பலம் வர இன்னும் மேலே போக வேண்டும், நடுவில் கியர் மாற வேண்டும். மோட்டார் அசையாமல் நிற்கும்போதே முழு முறுக்கு விசையைத் தரும். அந்த ஓட்டத்துக்கு ஆகும் ஆற்றலைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டரை டன் வண்டியை 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர, வீணாவதை விட்டுவிட்டால், கால் யூனிட்டுக்குச் சற்றே அதிகம். வீட்டு ஃபேன் நான்கு மணி நேரம் ஓடுகிற செலவு. கஷ்டம் ஆற்றலில் இல்லை, அதை 4.6 விநாடிக்குள் கொட்டுவதில் இருக்கிறது. சராசரி 210 கிலோவாட். பேட்டரி பெரிதானால் கொட்டும் வாயும் பெரிதாகும். ஆக, நீண்ட தூரம் போகட்டும் என்று பெரிய பேட்டரி வைத்தாலே இந்த வேகம் கொசுறாக வந்துவிடுகிறது. கொசுறைக் காட்டி விலை பேசுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இந்த வேகத்தால் பின்சீட்டுக்காரர் படும் பாடு இருக்கிறதே. என் மைத்துனர் வாடகைக்கு எடுத்த ஒரு மின்சார எஸ்யூவியில் (கம்பெனி எதுவாக இருந்தால் என்ன) கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போனோம். ஈஞ்சம்பாக்கம் தாண்டுவதற்குள் அம்மா கைப்பையில் எலுமிச்சம்பழத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். "என்னடா இவன், ஊஞ்சல்ல வச்சு ஆட்டுற மாதிரி ஓட்டறான்" என்றார். மைத்துனர் நிதானமாக ஓட்டுபவர். குற்றம் ஒற்றை மிதியில். காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து இழுக்கும் அமைப்பு அது. பேருந்தில் உட்காரும்போது நம் உடல் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு அடுத்த அசைவுக்குத் தயாராகிறது. சத்தம் ஏறினால் முதுகு பின்னால் சாயும், இறங்கினால் கால் ஊன்றும். இங்கே அந்த முன்னறிவிப்பு இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண்ணும் காதும் ஒன்றும் நடக்கவில்லை என்கின்றன. ஓட்டுபவருக்கு மட்டும் குமட்டாது. அடுத்து என்ன என்று அவர் பாதத்துக்குத் தெரியும். திரையில் அந்த இழுவையைக் குறைத்த பிறகு அம்மா தூங்கிவிட்டார்.

அதைக் குறைக்க மைத்துனர் மூன்று பக்கம் திரையில் புரட்ட வேண்டியிருந்தது, ஒரு கையால். ஈக்யூஎஸ் எஸ்யூவியில் 56 அங்குலத்துக்குக் கண்ணாடி விரித்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, இன்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லாவிட்டால் 2026 முதல் பாதுகாப்பு மதிப்பெண் குறையும் என்று அறிவித்தது. இதற்கு ஒரு அமைப்பு வேண்டியிருந்தது என்பதே வேடிக்கை.

சத்தம் போய்விட்டதால் வந்த இன்னொரு வேலை, சத்தம் செய்வது. பிஎம்டபிள்யூ தன் மின்சார வண்டிகளுக்கு ஒலி அமைக்க ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரிடம் போனது. மஹிந்திரா தன் எக்ஸ்ஈவி 9இ, பிஇ 6 இரண்டுக்கும் ஏ.ஆர்.ரஹ்மானிடம் வந்தது. 2024 நவம்பரில் சென்னையில்தான் இரண்டையும் அறிமுகம் செய்தார்கள். 79 யூனிட் வரை பேட்டரி, ஏழு விநாடிக்குள் 100 கி.மீ. வேகம், ஐரோப்பியர் கேட்கும் விலையில் ஒரு துண்டு. விலையில்தான் சொகுசு இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்தால் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

எடையைப் பற்றி இன்னும் பேசவில்லை. பெட்ரோல் ஒரு லிட்டரில் 9 யூனிட் அளவுக்கு ஆற்றல் அடங்கியிருக்கிறது, முக்கால் கிலோ எடையில். பேட்டரியில் 100 யூனிட்டை வைக்க அறுநூறு, எழுநூறு கிலோ வேண்டும். ஆகவே ஐஎக்ஸ் இரண்டரை டன், மின்சார ஜி-கிளாஸ் 3,085 கிலோ. அமெரிக்காவின் ஹம்மர் மின்சார வண்டி நான்கு டன்னைத் தாண்டுகிறது. அதன் பேட்டரி மட்டும் சுமார் 1,300 கிலோ. நம் தெருவில் ஓடும் ஒரு ஸ்விஃப்ட்டை விட அதிகம். பேட்டரி கனத்தால் சட்டம் கனக்க வேண்டும், டயர் அகலமாக வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், அதையெல்லாம் சுமக்க இன்னும் பேட்டரி வேண்டும். ஹம்மரோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கடிலாக் எஸ்கலேட் ஐக்யூ 205 யூனிட் சுமக்கிறது. அதைப் பொறியியல் என்பதை விடப் பர்ஸ் கனம் என்று சொல்லலாம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ரிவியன் என்ற மின்சார பிக்கப் வண்டி ஒன்றை மணிக்கு ஏறக்குறைய 100 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலைத் தடுப்பு இரும்பில் மோதவிட்டார்கள். மூன்று டன்னுக்கு மேல் எடை, அதுவும் தரையோரமாக. தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் தடுப்புகள் இத்தனை கனத்தை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல.

ஆனால் எடைக்கும் காற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விவாதங்களில் இது அடிபடுவதே இல்லை. எடை வாங்கிய கடனில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், காற்று ஒரு பைசா தராது. வண்டியை வேகப்படுத்தச் செலவான அந்தக் கால் யூனிட், நிறுத்தும்போது மோட்டார் வழியாகப் பேட்டரிக்கு மீண்டும் வருகிறது. கயென் எலக்ட்ரிக் இப்படி 600 கிலோவாட் வரை திரும்ப வாங்கிக்கொள்ளும். வட்டு பிரேக் பெரும்பாலும் சும்மா கிடக்கும். டயர் உருள்வதில் போவது மட்டும் போனதுதான். இரண்டரை டன்னுக்கு 100 கி.மீ.க்கு 7 யூனிட். காற்றோ, தள்ளிவிட்டால் போச்சு. அதனால் நெடுஞ்சாலையில் வடிவத்தைப் பார்த்தும், ஊருக்குள் ஓட்டுவதானால் எடையைப் பார்த்தும் வாங்க வேண்டும்.

ஊருக்குள் இன்னொரு ஆளும் இருக்கிறார். சென்னை நெரிசலில் சராசரி வேகம் 20 கி.மீ. என்றால் 100 கி.மீ. ஓட ஐந்து மணி நேரம். மே மாதத்தில் ஏசி இரண்டு கிலோவாட் குடித்தால் 10 யூனிட். அதே தூரத்துக்குக் காற்றுத் தடை அரை யூனிட்டைக்கூடத் தொடாது. அண்ணா சாலையில் நிற்கும் வண்டிக்கு மீன் வடிவத்தை விடக் கண்ணாடிக் கூரைக்கு ஒரு நல்ல திரை அதிகம் உதவும்.

மைலேஜ் சமாச்சாரத்தையும் இந்தக் கணக்கிலேயே முடித்துவிடலாம். 2024இல் இங்கே விற்பனைக்கு வந்த ஈக்யூஎஸ் எஸ்யூவிக்கு 809 கி.மீ. என்று நம் நாட்டுச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐயின் சான்று. பேட்டரி 122 யூனிட். அதாவது 100 கி.மீ.க்கு 15 யூனிட். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு 9, டயருக்கு 7, மோட்டாரிலும் மின்சுற்றிலும் போவது, ஏசி எல்லாம் சேர்த்தால் 20க்குக் குறையாது. 600 கி.மீ. தேறினால் நல்லது. சான்று பொய்யல்ல, அந்தச் சோதனையில் வண்டி 90 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதே இல்லை, பெரும்பகுதி மெதுவாக ஊர்கிறது. ஐரோப்பியச் சோதனை 131 வரை போகும். எந்தச் சோதனை என்று கேட்காமல் எண்ணை மட்டும் கேட்பது, எந்தப் படி என்று கேட்காமல் அரிசி வாங்குவது.

வேகச் சார்ஜில்தான் உண்மையான வேலை நடந்திருக்கிறது. மின்னழுத்தம் 400 வோல்ட்டிலிருந்து 800 ஆனால், அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி, கம்பியில் வரும் சூடு கால்பங்கு. ஐஎக்ஸ்3 பத்து நிமிடத்தில் 370 கி.மீ.க்கு மேல் ஓடும் சார்ஜை வாங்குவது இதனால்தான். நம் நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் 60 கிலோவாட் வகை நிறைய. அதில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரை ஏற்ற ஒன்றேகால் மணி நேரம். விழுப்புரத்தில் இட்லியும் காபியும் முடிந்து, பேப்பரில் குறுக்கெழுத்தும் போடலாம்.

அடித்தளத்தில் தம்பியின் வண்டி 70 சதவீதத்தைக் காட்டியது. இந்த எடைக்கடன் விஷயத்தை நான்தான் காவலாளியிடம் ஆரம்பித்தேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப மலை எறங்கினா சார்ஜ் ஏறுமுங்களா?"

ஏறும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். இந்த வண்டி அந்த உயரம் ஏற மட்டும் 13 யூனிட் ஆகும். இறங்கும்போது டயருக்கும் காற்றுக்கும் போனது போக நல்ல பகுதி திரும்பி வரும்.

"எங்க லாரி எறங்கினா?"

தம்பி செல்போனில் கணக்குப் போட்டார். லோடோடு 16 டன் என்று வைத்துக்கொண்டால் ஒரு இறக்கத்துக்கு 80 யூனிட்டுக்கு மேல். முழுவதும் இன்ஜினிலும் பிரேக் டிரம்மிலும் சூடாகிப் போனது. காலியாக ஏற இதில் பாதிகூட வேண்டாம். சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மின்சார டிப்பர் ஒன்று இப்படித்தான் நிறைத்துக்கொண்டு இறங்கி, காலியாக ஏறி, வெளிச் சார்ஜ் கேட்காமலே ஓடியது என்றேன்.

காவலாளி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "எண்பது யூனிட்டா" என்றார். "குன்னூர் தாண்டினதுமே டிரம்மு கருகற வாசம் வந்துருமுங்க. செகண்ட் கியர்ல போட்டு, மூச்சைப் புடிச்சுட்டு எறங்கோணும்." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு மாசத்துக்குக் கவர்மெண்ட்டு வீட்டுக்குச் சும்மா குடுக்கறதே நூறு யூனிட்டுதானுங்களே" என்றார்.

மேலே சரிவுப்பாதையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். தடுப்புக்கட்டையைத் தூக்கிவிட அவர் ஓடினார்.